காலாம்மா சொன்ன முடிவு: வாணியம்பாடி, ராமநகரம் மூன்று நாள் பயணம்

முதல் நாள்: ஜனவரி 24, 2026, சனிக்கிழமை

வாலாஜா ரோடு நிலையத்தில் ரயில் நின்றபோது அம்மா என் தங்கையின் மகளைத் தட்டி எழுப்பினார். "பார், இந்த ஊர் வரைக்கும்தான் முதல் ரயில் வந்தது. உன் தாத்தா ஒவ்வொரு தடவையும் சொல்வார்." ராயபுரத்திலிருந்து இங்கே 1856-இல் ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அப்பா இந்த வழியில் போகும்போதெல்லாம் எங்களை எழுப்பி இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எழுப்பும் வேலையை இப்போது அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் நான்கு பேர்: அம்மா, நான், தங்கை, அவள் மகள். போகும் ஊர் வாணியம்பாடி. அங்கிருந்து பெங்களூரைத் தாண்டி ராமநகரம். குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. அம்மாவுக்கு 78 வயது; இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. ஆனால் கிளம்பலாம் என்று சொன்னவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1977 மே மாதம் வாணியம்பாடியில் குடும்பத்தோடு போய் ஒரு இந்திப் படம் பார்த்தோம். 'ஷோலே'. நாடெங்கும் அது 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்துசேர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கடைசிக் காட்சியில் போலீஸ் வந்து கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைப் பிடித்துக்கொண்டு போனது. அம்மா எழுந்து நின்றுவிட்டார். "இது இல்லை. தாக்கூர் அவனை மிதித்தே கொன்றுவிடுவார். நான் பார்த்த படத்தில் அப்படித்தான். இவர்கள் வெட்டிவிட்டார்கள்" என்றார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அதற்குப் பிறகு எத்தனை முறை பேச்சு வந்தாலும் அவர் சொன்னது மாறவில்லை: வெட்டிவிட்டார்கள்.

கடந்த நவம்பரில் படத்தின் இரண்டு நாயகர்களில் ஒருவரான தர்மேந்திரா இறந்த செய்தி வந்தபோது அம்மா வெகுநேரம் தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். டிசம்பரில், படத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி மீட்டெடுக்கப்பட்ட பிரதி திரையரங்குகளுக்கு வந்தது. நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் போலீஸ் வரவில்லை. ஆணி அடித்த செருப்புக் காலோடு தாக்கூர் கப்பரை மிதிக்கிறார், அவன் சாகிறான். இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவு அதுதான். அது நெருக்கடி நிலைக் காலம். தாக்கூரைப் போன்ற முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வதாகக் காட்டக் கூடாது என்று தணிக்கைக் குழு மறுத்துவிட்டது. அதனால் போலீஸ் வருகிற மாதிரி வேறொரு முடிவை மறுபடியும் படமாக்கினார்கள். 1975-இல் நாடு பார்த்தது அந்த இரண்டாவது முடிவைத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்கு அது அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தணிக்கை வெட்டிய காட்சி 1977-இல் வாணியம்பாடியில் எப்படி ஓடியிருக்க முடியும்? ஓடியிருக்கவே முடியாது. அப்படியானால் அம்மா பார்த்தது என்ன? 1977-இல் அந்தக் கொட்டகையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஒருவர்தான். காலாம்மா. அவரைக் கேட்கலாம் என்று நான் சொன்ன மறுநாளே அம்மா பெட்டியை இறக்கிவிட்டார்.

குடியாத்தம் தாண்டியதும் மலைகள் கிட்டே வந்தன. ஆம்பூரில் இறங்கியவர்கள் எல்லோரும் பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டு இறங்கினார்கள். ஜோலார்பேட்டையில் நாங்கள் இறங்கியபோது ஏலகிரி மலை தலைக்கு மேலே நின்றது. அங்கிருந்து வாடகைக் கார்.

வாணியம்பாடியை எப்படிச் சொல்வது? பாலாற்றங்கரை ஊர். 1903-இல் இதே ஆறு ஊருக்குள் புகுந்து பலரைக் கொண்டுபோனது என்று சொன்னால் இன்றைய மணலைப் பார்ப்பவர் நம்பமாட்டார். தோல் பதனிடும் ஊர். தெருவில் உருதும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் ஊர். நாங்கள் இங்கே இருந்தபோது இது வட ஆர்க்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். அப்பா இங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியர். பக்கத்து வீட்டில் தோல் மண்டியில் கணக்கு எழுதுபவர் குடும்பம். அவருடைய மனைவியை அம்மா 'ஆபா' என்று கூப்பிடுவார், உருதில் அக்கா. எங்களுக்கு அவர் காலா, உருதில் அம்மாவின் சகோதரி. நாங்கள் அதோடு ஓர் அம்மாவையும் ஒட்டி 'காலாம்மா' ஆக்கிவிட்டோம். அம்மா அவருக்குத் தமிழில் மனு எழுதிக் கொடுப்பார், கடிதம் படித்துச் சொல்வார். காலாம்மாவுக்குப் பேசத் தெரிந்த தமிழ் முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்த தமிழ்.

சாயங்காலம் கொட்டகையைப் பார்க்கப் போனோம். இடித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். இடிக்கவில்லை. சுவர்கள் நிற்கின்றன, கூரை நிற்கிறது. உள்ளே மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். காவலுக்கு இருந்த பெரியவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மா முன்வாசல் வழியாக வரமாட்டேன் என்றார். "பெண்கள் வழி சந்தில் இருக்கிறது" என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தார். இருந்தது. ஒருவர் மட்டும் நுழையக்கூடிய குறுகல் வாசல், பெரிய பூட்டு. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வந்தார்.

உள்ளே திரை இல்லை, நாற்காலி இல்லை. ஆனால் நடுச்சுவர் இருக்கிறது. ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த இடுப்பளவுச் சுவர். மூட்டைகளுக்கு நடுவே அது மட்டும் பழைய இடத்தில் நேராக ஓடுகிறது. அம்மா அதன்மேல் கையை வைத்து, முன்னால் இருந்து வரிசைகளை எண்ணுவதுபோல வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார்.

"இங்கே நான். இந்தப் பக்கம் ஆபா. நீ எங்கள் நடுவில். பாப்பா என் மடியில். சுவருக்கு அந்தப் பக்கம், நேராக அங்கே, உங்கள் அப்பா."

பின்சுவரில் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டைகள் தெரிந்தன. தங்கையின் மகள் அவற்றைக் காட்டி என்னவென்று கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தொடங்கிய நான், இரவு விடுதி அறைக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. அதையே இங்கே எழுதுகிறேன்.

அந்த மே மாதம் ஊர் முழுக்கத் தேர்தல். நெருக்கடி நிலை மார்ச்சில் விலக்கப்பட்டிருந்தது. ஜூனில் சட்டமன்றத் தேர்தல். கட்சி ஜீப்புகளின் ஒலிபெருக்கிக்கு நடுவில் கொட்டகையின் தட்டி வண்டியும் வரும். தட்டியில் துப்பாக்கியோடு இரண்டு பேர். தேநீர்க் கடைகளில் அந்தப் படத்தின் வசனத் தட்டைப் போடுவார்கள். பாட்டுத் தட்டுகள் ஊருக்குப் பழக்கம். பாட்டைப் போலவே அந்தப் படத்தின் வசனத்தையும் இசைத்தட்டாக விற்றதை அப்போது எல்லோரும் வியந்தார்கள். மிரட்டும் அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் நாங்கள் பையன்கள் ஓடுவோம். யாருக்கும் அர்த்தம் தெரியாது. பயம் மட்டும் சரியாகத் தெரிந்தது.

போவது என்று முடிவானதும் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் ஜட்கா வண்டி வந்தது. வண்டியின் பின்பக்கம் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். காலாம்மா புர்காவுக்குள் ஒரு தூக்குச்சட்டியை மறைத்து எடுத்து வந்தார். உள்ளே வெங்காய சமோசா. அப்பாவும் காலாம்மாவின் கணவரும் பின்னால் நடந்து வந்தார்கள். இரண்டாவது ஆட்டம். படமே மூன்று மணி நேரத்துக்கு மேல். அன்று அதுவும் போதவில்லை.

ஒரே பிரதியை இரண்டு ஊர்களில் ஓட்டுவார்கள். பக்கத்து ஊரில் ஓடி முடிந்த சுருள்களைப் பெட்டியில் வைத்துச் சைக்கிளிலோ வண்டியிலோ கொண்டு வர வேண்டும். அன்று பெட்டி வரத் தாமதம். பாதியில் விளக்குகள் எரிந்தன. ஆண்கள் பக்கம் விசில், கூச்சல். பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்பதைத்தான் நான் எழுத வேண்டும். காலாம்மா முகத்திரையை மேலே தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அதுவரை நடந்த கதையைத் தமிழில் சொன்னார். முதலில் அம்மாவுக்காக. பிறகு முன் பெஞ்சில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். பின்னாலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அவர்கள்; திரையில் ஓடியதைப் பார்த்துத் தாங்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். "அந்த ஆள் ஏன் எப்போதும் சால்வையைப் போர்த்திக்கொண்டே இருக்கிறான்?" என்று ஒரு பாட்டி கேட்டார். "பொறுங்கள், சொல்கிறேன்" என்றார் காலாம்மா.

பெட்டி வந்தது. விளக்கு அணைந்தது. காலாம்மாவின் குரல் நிற்கவில்லை. திரையில் பேசி முடித்த அடுத்த கணம் தணிந்த குரலில் தமிழ் வரும். ஹேமமாலினி வாய் ஓயாமல் பேசும் இடங்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாவற்றையும் சொல்ல முடியாது, ரொம்பப் பேசுகிறாள்" என்றதற்குப் பெண்கள் பக்கம் சிரித்தது. "நம் பக்கத்துப் பெண்தான், தஞ்சாவூர்ப் பக்கம் அம்மன்குடி" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். காற்றில் தாக்கூரின் சால்வை விழுந்து, கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சட்டை தொங்கியபோது காலாம்மா ஒன்றுமே சொல்லவில்லை. கேள்வி கேட்ட பாட்டியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் படத்தின் ஒரு இந்தி வசனம்கூட அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் காட்சிக்குக் காட்சி சொல்வார், காலாம்மாவின் தமிழில், அவர் இழுத்த இடத்தில் இழுத்து. அம்மாவின் மனத்தில் அமிதாப் பச்சனும் காலாம்மா குரலில்தான் பேசுகிறார்.

நான் கடைசிவரை பார்க்கவில்லை. ஒன்பது வயது, காலாம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அதனால்தான் என்னால் இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாமல் போனது.

இரண்டாம் நாள்: ஜனவரி 25, ஞாயிறு

காலையில் தெருவெங்கும் மொழிப்போர் தியாகிகளுக்கு வீரவணக்கச் சுவரொட்டிகள். தேதியை யோசிக்காமல் பயணம் போட்டிருக்கிறோம். 1965-இல் இதே நாட்களில் அப்பா வேலூரில் கல்லூரி மாணவர். இந்தித் திணிப்புக்கு எதிரான ஊர்வலத்தில் போனவர், அடியும் பட்டவர். இடது முழங்கையில் தழும்பு கடைசிவரை இருந்தது.

அந்த அப்பாதான் எங்களை இந்திப் படத்துக்குக் கூட்டிப்போனார். மறுநாள் உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அதைக் குத்திக்காட்டிப் பேசினாராம். "திணிப்பதைத் துப்பத்தான் வேண்டும். பக்கத்து வீட்டார் அன்போடு நீட்டுவதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்" என்று அப்பா பதில் சொன்னதாக அம்மா இன்று காலை சொன்னார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நட்பு அதிகாரம் நடத்தும்போது, உடுக்கை இழந்தவன் கையைப் பற்றிய குறளுக்கு அவர் அந்தப் படத்தின் நாயகர்களான இரண்டு நண்பர்களையும் கையில்லாத தாக்கூரையும்தான் உதாரணம் காட்டினார். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றும் எங்காவது பார்த்தால் அதைச் சொல்கிறார்கள். என் அப்பாவைப் பற்றி எனக்குப் பெருமை தரும் விஷயங்களில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: அந்தத் தழும்பும் அந்தப் பாடமும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அவரைச் சொன்னதாகாது.

பதினொரு மணிக்குக் காலாம்மா வீட்டுக்குப் போனோம். முன்பு இருந்த தெரு இல்லை. மகன் கட்டிய புது வீடு. பேரன் கதவைத் திறந்தான். உள்ளே கட்டிலில் காலாம்மா. 84 வயது. உடம்பு பாதியாகிவிட்டது. கண் பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் தெரியாது. அம்மா எதுவும் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலாம்மா அம்மாவின் கையை எடுத்து வளையலைத் தடவினார், விரல்களைத் தடவினார். நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்த இடம் ஒன்று உண்டு. அதில் வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் இருவரும் பேசியதை நான் எழுதப்போவதில்லை. தங்கை என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் நான் பேச்சை எடுத்தேன். "காலாம்மா, அந்தப் படத்தில் கடைசியில் கப்பர் செத்தானா?"

அவர் முகத்தைத் திருப்பினார். பதில் சொல்லாமல் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு.

"பேட்டா, நீ தூங்கிவிட்டாய். உன் தங்கை துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து அழுதாள். வாத்தியாரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு சந்துப் பக்கம் போய்விட்டாள். முடிவை அவள் பார்க்கவே இல்லை."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போலீஸ்தான் வந்தது" என்றார் காலாம்மா. "வந்து, வேண்டாம் என்று சொல்லித் தாக்கூரைத் தடுத்து, அவனைப் பிடித்துக்கொண்டு போனது. எனக்கு நெஞ்சு ஆறவில்லை. அந்தப் பச்சைக் குழந்தையைச் சுட்டவன். முன்னாலும் அவனைத் தாக்கூர் பிடித்துத்தானே கொடுத்தார்? ஜெயிலை உடைத்துக்கொண்டு வந்துதானே அந்த வீட்டையே அழித்தான்? திரும்பவும் ஜெயிலா? வெளியே வந்தேன். இவள் சந்தில் குழந்தையைத் தட்டிக்கொண்டு நின்றாள். என்ன ஆயிற்று ஆபா, என்ன ஆயிற்று ஆபா என்று கேட்டாள். இவளைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு கதை கேட்டால் மூன்று நாள் தூங்கமாட்டாள். அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று எப்படிச் சொல்வேன்? மிதித்தே கொன்றுவிட்டார், தூங்கு போ என்றேன்."

அறையில் யாரும் பேசவில்லை. அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி வந்த காட்சி. காலைத் தூக்குவது, ஆணிச் செருப்பு, கப்பரின் கை நசுங்குவது என்று எங்களுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் ஒரு சந்தில், இருட்டில், ஒரே வாக்கியத்தில் கேட்டது.

நான் அவசரமாக மற்றதைச் சொன்னேன். இயக்குநர் முதலில் எடுத்ததும் அதுதான், தணிக்கையில் மறுத்துவிட்டார்கள், போன ஆண்டு ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரத்து விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் திறந்தவெளியில் அந்த முடிவோடு காட்டினார்கள், டிசம்பரில் நானே பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். காலாம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பேரனிடம் உருதில் மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை" என்றார்.

"நீங்கள் எப்போது பொய் சொன்னீர்கள் ஆபா?" என்றார் அம்மா. அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் கோபம் துளியும் இல்லை. காலாம்மாவின் கையை விடவும் இல்லை.

எனக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. கதையை எழுதிய சலீம்–ஜாவேதும் எடுத்த இயக்குநரும் அந்தக் கதைக்கு எது நியாயமோ அதை எழுதினார்கள், எடுத்தார்கள். அது கைவிட்டுப் போனது. வாணியம்பாடியில் ஒரு பெண், படம் முழுவதையும் வரிக்கு வரி தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் கதை சறுக்குகிற இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். அவ்வளவு கூர்ந்து ஒரு படத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சீரகச் சம்பா அரிசிப் பிரியாணி, தால்ச்சா, புளிப்பேறிய கத்திரிக்காய். மருமகள் சமைத்திருந்தார். பெரிய தட்டில் சமோசாவும் வந்தது. வெங்காய சமோசா. யார் சொல்லிச் செய்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ராமநகரம் போகிறோம் என்று அம்மா சொன்னார். படத்தில் வரும் கிராமத்தை அங்கேதான் கட்டினார்கள் என்று சொன்னதும் காலாம்மா அம்மாவின் கையை இறுக்கினார். "நிஜ ஊரா அது? நான் பம்பாய்ப் பக்கம் என்றல்லவா நினைத்தேன். நம்முடைய இதே ரயில் தடத்திலா?" ஆமாம், இதே தடம்தான். ஜோலார்பேட்டையில் ஏறினால் பெங்களூர். அங்கே மைசூர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ராமநகரம். "போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்" என்றார். இரவு பத்து மணிக்குப் பெங்களூர் வந்து சேர்ந்தோம்.

மூன்றாம் நாள்: ஜனவரி 26, திங்கள்

ராமநகரம் நிலையத்தில் கொடியேற்றி முடித்து இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ஆட்டோ ஓட்டுநர் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுத் தானும் தமிழுக்கு மாறினார். மலை என்று சொன்னதுமே படத்தின் பெயரை அவரே சொன்னார்.

ராமதேவர பெட்டாவின் பாறைகளை நேரில் பார்க்கும்போது திரையில் பார்த்தது எவ்வளவு குறைவு என்று புரிகிறது. பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, எந்த நொடியும் உருளும் என்பதுபோல. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கருங்கல். வெள்ளையர் காலத்தில் இந்த ஊருக்கு குளோஸ்பெட் என்று பெயர், அதனால் நிலவியலாளர்கள் இந்தக் கல்லை இன்றும் குளோஸ்பெட் கிரானைட் என்றே அழைக்கிறார்கள். 2012 முதல் இது கழுகுகளுக்கான, சரியாகச் சொன்னால் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான, காப்பிடம். செங்குத்துப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. 1973-இல் படக்குழு இங்கே வந்து பாறைகளின் அடிவாரத்தில் ஒரு முழுக் கிராமத்தையே கட்டியது. வீடுகள், கோவில், மசூதி, தண்ணீர்த் தொட்டி. படம் முடிந்ததும் எல்லாம் போயிற்று.

தங்கையின் மகள் ராமர் கோவில் படிகளில் ஏறிப் போய்விட்டாள். அம்மாவால் ஏற முடியவில்லை. அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கிராமம் எங்கே இருந்தது என்று வனக்காவலரிடம் கேட்டேன். அவர் கையை நீட்டினார். முட்புதர். அதற்கப்பால் மேடு. பிறகு பாறை. ஒரு செங்கல்கூட இல்லை. எங்களைப்போல் எத்தனையோ பேர் வந்து கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவர் வருத்தப்படுகிறவர்போல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அம்மா என் கைப்பேசியைக் கேட்டார். காலாம்மாவின் பேரன் எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தேன். முகம் பார்த்துப் பேசும் அழைப்பாகப் போட்டேன், பழக்கத்தில். அம்மா அதைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"ஆபா, வந்துவிட்டேன்" என்றார். பிறகு, தணிந்த குரலில், நிறுத்தாமல், சொல்லத் தொடங்கினார். பாறை எப்படி இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மேலே கரும்புள்ளிபோல ஒரு பறவை வட்டமிடுகிறது, அது கழுகாகத்தான் இருக்க வேண்டும், பேத்தி மஞ்சள் துப்பட்டாவோடு படியேறுகிறாள், இப்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். ஒன்றைச் சொல்லி முடித்து அடுத்ததைத் தேடிக் கண்ணை நகர்த்தினார். அந்த வேகத்தையும் அந்தத் தணிவையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

மறுமுனையில் காலாம்மா ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அம்மா பேச்சை நிறுத்தினார். முட்புதரைப் பார்த்தார்.

"இருக்கிறது ஆபா" என்றார். "கிராமம் அப்படியே இருக்கிறது. தர்மேந்திரா ஏறிக்கொண்டு கத்துவானே, அந்தத் தண்ணீர்த் தொட்டிகூட நிற்கிறது. தாக்கூர் வீட்டில் யாரோ விளக்கு ஏற்றியிருக்கிறார்கள்."

அப்போது பகல் மணி பன்னிரண்டு. தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.